டீம் விக்கியை மேனேஜ்டு கிளவுடில் நாமே நடத்துவது: எதை எடுக்கலாம், போட்ட படங்கள் ஏன் காணாமல் போகின்றன?

இரவுப்பணி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் டீமில் பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் புரோகிராமர்கள், மீதிப் பேர் சப்போர்ட், டிசைன், கணக்கு. எது எங்கே எழுதி வைத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலைமை. கொஞ்சம் சாட்டில் புதைந்து கிடக்கிறது, கொஞ்சம் யாரோ ஒருவருடைய கூகுள் டாக்கில், மிச்சமெல்லாம் ஒரே ஒரு சீனியரின் தலைக்குள். அவர் லீவில் போனால் வேலை நின்றுவிடும். அதனால் ஓப்பன் சோர்ஸ் விக்கி ஒன்றை நாங்களே வைத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது.

ஆனால் சர்வரைப் பராமரிக்க ஆள் கிடையாது. லினக்ஸ் அப்டேட், ஃபயர்வால், சர்டிஃபிகேட் புதுப்பிப்பது, இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க யாரும் தயாராக இல்லை (என் பெயரைப் பார்த்து நான் செய்வேன் என்று நினைத்துவிட வேண்டாம்). டாக்கர் இமேஜ் (மென்பொருளும் அது ஓடத் தேவையானவையும் சேர்ந்த பொட்டலம்) ஒன்றைக் கொடுத்தால் ஓட்டிக்கொள்ளும் மேனேஜ்டு பிளாட்ஃபார்ம், பக்கத்திலேயே மேனேஜ்டு டேட்டாபேஸ். இவ்வளவுதான் வேண்டும்.

சோதனைக்கு புக்ஸ்டாக், விக்கி.ஜேஎஸ் இரண்டையும் ஏற்றினேன். இரண்டும் சீக்கிரமே எழுந்துவிட்டன. புக்ஸ்டாக்கில் ஒரு பக்கம் எழுதி, சில ஸ்கிரீன்ஷாட் போட்டு டீமுக்குக் காட்டினேன், எல்லோருக்கும் பிடித்திருந்தது. அப்புறம் ஒரு செட்டிங்கை மாற்றி மறுபடி டிப்ளாய் செய்தால் (அதாவது பிளாட்ஃபார்மில் மறுபடி ஏற்றினால்), எழுத்து அப்படியே இருக்கிறது, படம் இருந்த இடத்திலெல்லாம் உடைந்த ஐகான். லாகில் வேறு பிழை எதுவும் இல்லை, படத்துக்குப் படம் 404 (கோப்பு இல்லை) மட்டும். கூடவே எல்லோரும் லாகவுட் ஆகியிருந்தார்கள். அதே பிளாட்ஃபார்மில் விக்கி.ஜேஎஸ்ஸில் போட்ட படங்கள் மட்டும் டிப்ளாய்க்குப் பிறகும் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றில் போகிறது, இன்னொன்றில் நிற்கிறது, ஏன் என்று பிடிபடவில்லை.

எதை எடுப்பது, டிஸ்க் தனியாக வாங்க வேண்டுமா, பேக்கப்பை எப்படிப் பார்த்துக்கொள்வது, லாகின் என்ன செய்வது, இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "ஒரு விஎம் எடுத்துப் போட்டுக்கோ" (அதாவது வாடகைக்கு ஒரு வெறும் சர்வர்) என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம், ப்ளீஸ்.

பழைய_சர்வர்:

நீங்கள் பார்த்த அந்த வித்தியாசம்தான் எதை எடுப்பது என்பதையே தீர்மானிக்கப் போகிறது, அதனால் அதிலிருந்தே வருகிறேன்.

இந்த வகை பிளாட்ஃபார்ம்களில் உங்கள் கன்டெய்னர், அதாவது இமேஜிலிருந்து எழுந்து ஓடும் பிரதி, எழுதும் டிஸ்க் தற்காலிகமானது. ஒவ்வொரு டிப்ளாய்க்கும் பழைய கன்டெய்னரைத் தூக்கிப் போட்டுவிட்டு இமேஜிலிருந்து புதிதாக ஒன்றை எழுப்புவார்கள், பழையதில் எழுதியிருந்த கோப்புகள் அதோடு போய்விடும். நீங்கள் டிப்ளாய் செய்யாவிட்டாலும் நடக்கும். ஹெரோகுவில் ஒவ்வொரு டைனோவும் (கன்டெய்னருக்கு அங்கே அந்தப் பெயர்) தினம் ஒருமுறையாவது தானாக ரீஸ்டார்ட் ஆகும், ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். கூகுள் கிளவுட் ரன்னில் இன்னும் வேடிக்கை: அங்கே கன்டெய்னரின் வழக்கமான ஃபைல் சிஸ்டம் மெமரியில்தான் இருக்கிறது, அதனால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு கோப்பும் உங்களுக்குக் கொடுத்த ராமிலிருந்து கழியும். அப்லோடுகள் சேரச் சேர மெமரி போதாமல் கன்டெய்னரே விழுந்துவிடலாம், காரணமும் லேசில் புரியாது.

இப்போது உங்கள் இரண்டு விக்கிகள். புக்ஸ்டாக் ஒரு பிஹெச்பி அப்ளிகேஷன், லாராவெல் என்ற கட்டமைப்பில் எழுதியது. பக்கத்தின் எழுத்தை மைஎஸ்க்யூஎல் அல்லது மரியாடிபி டேட்டாபேஸில் வைக்கும், படங்களையும் அட்டாச்மென்ட்களையும் இயல்பாக டிஸ்கில் வைக்கும். அதனால்தான் எழுத்து நின்றது, படம் போனது. லாகின் செஷனையும் (யார் உள்ளே வந்திருக்கிறார் என்ற குறிப்பு) இயல்பில் கோப்பாகத்தான் வைக்கிறது, எல்லோரும் வெளியே வந்து விழுந்ததற்கு அதுதான் காரணம். செஷனை டேட்டாபேஸுக்கு மாற்ற செட்டிங் இருக்கிறது, ஒரே வரி. விக்கி.ஜேஎஸ் (2 பதிப்பைச் சொல்கிறேன்) அப்லோடு செய்த கோப்பின் உள்ளடக்கத்தையே டேட்டாபேஸில் ஒரு டேபிளில் போட்டுவிடும், டிஸ்கில் இருப்பது வெறும் கேஷ் (தற்காலிகப் பிரதி). கேஷ் போனால் அடுத்த முறை யாராவது அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது டேட்டாபேஸிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளும். தற்காலிக டிஸ்க்கில் எதுவும் செய்யாமலே ஒழுங்காக ஓடுவது உங்கள் பட்டியலில் அது ஒன்றுதான். பதிலுக்கு டேட்டாபேஸ் ஊதும், பேக்கப்பும் கூடவே ஊதும். ஒரு கோப்புக்கு 5 எம்பி என்று அவர்களே இயல்பில் வரம்பு வைத்திருக்கிறார்கள், அதை இஷ்டத்துக்கு ஏற்றிவிடாதீர்கள்.

அதனால் எந்த விக்கியைப் பார்த்தாலும், எடிட்டர் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் மூன்று விஷயம் எங்கே உட்காருகிறது என்று பாருங்கள்: எழுத்து, அப்லோடு, ரகசியச் சாவி. மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுவார்கள், பேக்கப் பற்றிப் பேசும்போது அதற்கு வருகிறேன்.

டிஸ்க் வாங்குவதா என்று கேட்டீர்கள். ரெண்டர் போன்ற இடங்களில் நிரந்தர டிஸ்க் ஒன்றை கன்டெய்னரோடு மாட்டிக்கொள்ளலாம். ஆனால் டிஸ்க் மாட்டிவிட்டால் அந்தச் சர்வீஸ் ஒரே ஒரு இன்ஸ்டன்ஸாகத்தான் (ஓடும் பிரதியாகத்தான்) ஓட முடியும், டிப்ளாயின்போது பழையது நின்ற பிறகுதான் புதியது எழும், சில நொடி விக்கி இருக்காது. பன்னிரண்டு பேருக்கு அதனால் ஒன்றும் குடி முழுகாது. டிஜிட்டல்ஓஷன் ஆப் பிளாட்ஃபார்மில் அந்த வசதியே கிடையாது, அங்கே ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ்தான் வழி, அதாவது நெட்வொர்க் வழியாகக் கோப்புகளை வைக்கும் தனிக் கிடங்கு. என்னைக் கேட்டால் எங்கே ஓட்டினாலும் அமேசானின் எஸ்3 மாதிரியான கிடங்கில் ஒரு பக்கெட்டில் (அதில் உங்களுக்கான பெட்டி) அப்லோடுகளைப் போடுவதுதான் நல்லது, ஏனென்றால் நாளைக்கு பிளாட்ஃபார்மை மாற்றினால் டிஸ்கை இழுத்துக்கொண்டு போக வேண்டாம், பக்கெட் இருந்த இடத்திலேயே இருக்கும், சாவியை மட்டும் புதிய இடத்தில் கொடுத்தால் போதும்.

புக்ஸ்டாக்கை பக்கெட்டோடு இணைக்கும்போது ஒரு இடத்தில் முட்டுவீர்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அது படங்களை எல்லோரும் பார்க்கக்கூடிய அனுமதியோடு பக்கெட்டில் ஏற்றப் பார்க்கும். அமேசானில் 2023 ஏப்ரலிலிருந்து புதிதாக உருவாக்கும் பக்கெட்களில் பொது அணுகல் இயல்பிலேயே தடுக்கப்பட்டிருக்கிறது, கோப்புக்குக் கோப்பு அனுமதி வைக்கும் ஏசிஎல்லும் அணைந்தே வருகிறது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து அப்படியே செய்தால் அப்லோடு பிழை காட்டும், நீங்கள் சாவி தப்போ என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கடைசியாக ஒன்று, புக்ஸ்டாக்குக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஆகாது. பல பிளாட்ஃபார்ம்கள் சொந்தமாகக் கொடுப்பது போஸ்ட்கிரெஸ் மட்டும்தான். மேனேஜ்டு மைஎஸ்க்யூஎல் எங்கே கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பிளாட்ஃபார்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தலைகீழாகச் செய்தால் டேட்டாபேஸ் ஓரிடம், அப்ளிகேஷன் ஓரிடம் என்று ஆகிவிடும்.

கொடிமுந்திரி:

திட்டினாலும் பரவாயில்லை, விஎம் எடுத்துப் போட்டுக்கோங்க ப்ரோ 🙂

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பன்னிரண்டு பேர் எழுதும் விக்கிக்கு டேட்டாபேஸே தேவையில்லை. டோக்குவிக்கி 2004லிருந்து இருக்கிறது, டேட்டாபேஸ் கிடையாது, ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு, பழைய திருத்தங்கள் அட்டிக் என்ற ஃபோல்டரில், படங்கள் மீடியா ஃபோல்டரில். ஒரு ஃபோல்டரை காப்பி செய்தால் பேக்கப் முடிந்தது. விக்கி விழுந்து கிடந்தாலும் கோப்பை நோட்பேடில் திறந்து படிக்கலாம், அந்த நேரத்தில்தான் விக்கியின் தேவையே அதிகமாக இருக்கும். ஆட்டோ அப்டேட்டைப் போட்டுவிட்டால் சின்ன விஎம்மில் நீங்கள் பயப்படும் அளவுக்கு வேலை இல்லை.

ஆனால் அதே டோக்குவிக்கியை தற்காலிக டிஸ்க் இருக்கும் பிளாட்ஃபார்மில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பக்கமே கோப்பு என்பதால் ரீஸ்டார்ட் ஆனால் படம் மட்டுமல்ல, எழுதியதெல்லாமே போய்விடும்.

இன்னொன்று. யாராவது அவுட்லைன் என்ற இன்னொரு விக்கியைச் சொல்ல வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். அழகான மென்பொருள், நானும் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதன் உரிமம் பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ் 1.1. கோட் திறந்திருக்கிறது, உங்கள் டீமுக்கு நீங்களே நடத்திக்கொள்ளலாம், அதையே டாக்குமென்ட் சேவையாக மற்றவர்களுக்கு விற்க முடியாது. ஒவ்வொரு பதிப்பும் குறிப்பிட்ட காலம் கழித்து அப்பாச்சி உரிமத்துக்கு மாறும். உங்கள் உபயோகத்துக்கு இது தடையில்லை, ஆனால் "ஓப்பன் சோர்ஸ் மட்டும்தான்" என்று ஆபீஸில் கொள்கை இருந்தால் பிற்பாடு யாராவது கேட்பார்கள். விக்கி.ஜேஎஸ் ஏஜிபிஎல், புக்ஸ்டாக் எம்ஐடி, அவற்றில் இந்தப் பேச்சே இல்லை.

இரவுப்பணி:

பழைய_சர்வர், மிக்க நன்றி, இப்போது புரிகிறது. கொடிமுந்திரி, டோக்குவிக்கி எனக்கும் பிடிக்கும், ஆனால் கணக்குப் பிரிவு ஆட்களிடம் அந்த எழுத்து முறையைக் காட்டினால் மறுநாளே எக்செல்லுக்குத் திரும்பிவிடுவார்கள். வேர்ட் மாதிரி எடிட்டர் இருந்தே ஆக வேண்டும்.

விக்கி.ஜேஎஸ்ஸில் விஷுவல் எடிட்டர் இருப்பதால் அதை முதலில் ஒழுங்காக முயன்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். சோதனையில் டேட்டாபேஸும் அதே பிளாட்ஃபார்மின் உள் நெட்வொர்க்கில் இருந்தது, பிரச்சினை இல்லை. இப்போது வேறொரு நிறுவனத்தின் மேனேஜ்டு போஸ்ட்கிரெஸ்ஸோடு இணைத்தால் எழவே மாட்டேன் என்கிறது. எஸ்எஸ்எல்லை (இணைப்பின் மறையாக்கம், இப்போது டிஎல்எஸ் என்று பெயர்) அணைத்தால் டேட்டாபேஸ் ஏற்க மறுக்கிறது, போட்டால் சர்டிஃபிகேட் சங்கிலியில் சுயமாகக் கையெழுத்திட்ட சர்டிஃபிகேட் இருக்கிறது என்று நோட்ஜேஎஸ் (விக்கி.ஜேஎஸ் ஓடுவது அதில்தான்) பிழை. தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பதில்: டிஎல்எஸ் சரிபார்ப்பை அணைக்கும் அந்த என்விரான்மென்ட் வேரியபிளை (அப்ளிகேஷனுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் செட்டிங்) பூஜ்ஜியம் ஆக்கு, முடிந்தது. செய்தால் ஓடத்தான் செய்யும் என்று தெரிகிறது. செய்யலாமா?

குறுக்குவழி:

பெயர் குறுக்குவழி என்றாலும் இதை மட்டும் செய்யாதீர்கள். அந்த வேரியபிள் டேட்டாபேஸ் இணைப்பை மட்டும் தொடுவதில்லை, அந்த ப்ராசஸ் வெளியே பேசும் எல்லா டிஎல்எஸ் இணைப்புக்கும் சரிபார்ப்பை அணைத்துவிடும். நாளைக்கு கூகுள் லாகின் வைத்தால் அதன் டோக்கன் கேட்கும் இணைப்பும் இதில்தான் போகும், எதிரே இருப்பது யார் என்று பார்க்காமலே பேசும்.

நடப்பது இதுதான். பல மேனேஜ்டு டேட்டாபேஸ் நிறுவனங்கள் தங்களுக்கென்று ஒரு சிஏ (சர்டிஃபிகேட்டில் கையெழுத்திடும் அமைப்பு) வைத்து அதில் கையெழுத்திட்ட சர்டிஃபிகேட்டைத்தான் டேட்டாபேஸில் வைத்திருப்பார்கள். நோட்ஜேஎஸ்ஸுக்குத் தெரிந்த பொது சிஏ பட்டியலில் அது இருக்காது. டேட்டாபேஸின் பக்கத்தில் சிஏ சர்டிஃபிகேட் டவுன்லோடு என்று ஒரு பட்டன் இருக்கும், அதை எடுத்து விக்கி.ஜேஎஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும். டேட்டாபேஸ் எஸ்எஸ்எல்லுக்கான வேரியபிளை ஆன் செய்துவிட்டு, பக்கத்தில் சிஏவுக்கென்று இருக்கும் வேரியபிளில் இந்த உள்ளடக்கத்தைப் போடுங்கள். கோப்பை அப்படியே ஒட்டினால் வேலை செய்யாது. தொடக்கம், முடிவு என்று கோடு போட்ட இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டு, நடுவில் இருப்பதை வரி முறிவோ இடைவெளியோ இல்லாமல் ஒரே வரியாக்கித் தர வேண்டும். முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிட்டு சரிபார்ப்பை அணைக்கப் போகிறார்கள். (புக்ஸ்டாக்காக இருந்தால் சிஏ கோப்பு இருக்கும் பாதையைக் கொடுக்க வேண்டும், உள்ளடக்கத்தை அல்ல.)

ஆனால் அதற்கு முன், முடிந்தால் அப்ளிகேஷனையும் டேட்டாபேஸையும் ஒரே நிறுவனத்தில், ஒரே ரீஜனில் வையுங்கள். விக்கி ஒரு பக்கம் காட்டவே டேட்டாபேஸிடம் பலமுறை கேட்கும். இரண்டும் வெவ்வேறு கண்டத்தில் இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் கடல் தாண்டிப் போய்வர வேண்டும், அப்புறம் விக்கி மெதுவாக இருக்கிறது என்று சிபியுவைக் கூட்டிக்கொண்டிருப்பீர்கள், அதனால் ஒன்றும் மாறாது.

இன்னும் சில, யோசித்து யோசித்து எழுதுகிறேன், வரிசை இல்லை.

போர்ட். விக்கி.ஜேஎஸ் இயல்பில் 3000இல் காது கொடுக்கும், கிளவுட் ரன் இயல்பில் 8080இல் தட்டும். இரண்டும் பொருந்தாவிட்டால் "கன்டெய்னர் எழவில்லை" என்றுதான் சொல்லும், லாகைப் பார்த்தால் அது சந்தோஷமாக ஓடிக்கொண்டிருக்கும்.

தூங்கும் சர்வீஸ். இலவசத் திட்டங்களில் கொஞ்ச நேரம் யாரும் வராவிட்டால் தூங்கப் போட்டுவிடுவார்கள், ரெண்டரில் 15 நிமிடம். காலையில் முதலில் திறப்பவர் காத்திருக்க வேண்டும் என்பதோடு போகாது. விக்கி.ஜேஎஸ்ஸின் கிட் சின்க் (பக்கங்களின் பிரதியை கிட் என்ற பதிப்புக் களஞ்சியத்துக்கு அனுப்புவது) மாதிரி பின்னணி வேலைகள் அதே ப்ராசஸுக்குள்தான் ஓடுகின்றன, இயல்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. ப்ராசஸ் தூங்கினால் அதுவும் தூங்கும். ரெண்டரிலேயே இலவச போஸ்ட்கிரெஸ் 30 நாளில் காலாவதியாகும், அதில் உண்மையான பக்கங்களை எழுத ஆரம்பிக்கவே கூடாது.

இமேஜ் டேக். "லேட்டஸ்ட்" என்று போடாதீர்கள், குறிப்பிட்ட பதிப்பு எண்ணைப் போடுங்கள். புதிய பதிப்பு எழும்போதே டேட்டாபேஸ் டேபிள்களை மாற்றிவிடும், பிடிக்கவில்லை என்று பழைய இமேஜுக்குத் திரும்பினால் அதற்குப் புதிய டேபிள்கள் புரியாது. பிளாட்ஃபார்ம் தன்பாட்டில் ரீஸ்டார்ட் செய்யும்போது உங்களைக் கேட்காமல் பெரிய பதிப்பு மாறிவிட்டால் யாரைப் போய்க் கேட்பது? புக்ஸ்டாக்குக்கு அதிகாரபூர்வ டாக்கர் இமேஜே கிடையாது, லினக்ஸ்சர்வர்.ஐஓ போன்ற சமூகக் குழுக்கள் போடுவதுதான், அதனால் அவர்களுடைய மாற்றக் குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்ஸ்டன்ஸ் ஒன்றே போதும். ஆட்டோ ஸ்கேலிங்கை (கூட்டத்துக்கேற்ப இன்ஸ்டன்ஸைத் தானாகக் கூட்டுவது) ஒன்றில் பூட்டிவிடுங்கள். விக்கி.ஜேஎஸ்ஸைப் பல இன்ஸ்டன்ஸாக ஓட்ட ஹெச்ஏ (அவற்றை ஒத்துப்போக வைக்கும்) செட்டிங் போட வேண்டும், அதுவும் போஸ்ட்கிரெஸ்ஸில் மட்டும். அது இல்லாமல் இரண்டு ஓடினால் ஒன்றில் மாற்றிய அனுமதி இன்னொன்றுக்குத் தெரியாது. உங்கள் அளவுக்கு ஸ்கேலிங் எதற்கு?

மெயில். 25 போர்ட்டை மறந்துவிடுங்கள், கூகுள் கிளவுட் உட்படப் பலர் வெளியே போக விடமாட்டார்கள். மெயில் சேவை ஒன்றின் 587 எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பு மெயில் போகாமல் யாருமே உள்ளே வர முடியாமல் நிற்பது முதல் நாளில் நடக்கும்.

பழைய_சர்வர்:

பேக்கப்புக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

மேனேஜ்டு டேட்டாபேஸ் தினசரி பேக்கப் எடுக்கிறது என்பது நல்ல விஷயம்தான், ஆனால் அந்த பேக்கப் அதே அக்கவுன்ட்டுக்குள் இருக்கிறது. கார்டு காலாவதியாகி பில் நின்று அக்கவுன்ட்டை முடக்கினால், அல்லது யாராவது தெரியாமல் அந்த ப்ராஜெக்டையே அழித்தால், பேக்கப்பும் சேர்ந்தே போகலாம். எனவே பிஜி டம்ப் (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைக் கோப்பாக எடுத்துத் தரும் கருவி) வைத்துப் பிரதி எடுத்து வேறொரு இடத்தில் வைக்கும் சின்ன வேலை ஒன்றைத் தினம் ஓட விடுங்கள். பிஜி டம்ப் தன்னைவிடப் புதிய பெரிய பதிப்பு சர்வரிலிருந்து எடுக்க மறுத்துவிடும். பிளாட்ஃபார்ம் டேட்டாபேஸை 15இலிருந்து 16க்கு ஏற்றிவிட்டு, உங்கள் பேக்கப் கன்டெய்னரில் இருப்பது 15ஆகவே இருந்தால் அன்றிலிருந்து பேக்கப் நின்றிருக்கும். பிழை வந்தது யாருக்கும் மெயிலில் போகாவிட்டால், தேவைப்படும் நாளில்தான் தெரியும். கோப்பின் அளவு பூஜ்ஜியமா என்று பார்த்துக் கத்தும் ஒரு வரியாவது சேருங்கள். புக்ஸ்டாக்காக இருந்தால் மைஎஸ்க்யூஎல் டம்ப், கதை அதேதான்.

அப்லோடுகள் பக்கெட்டில் இருந்தால் அவை டம்பில் வராது. பக்கெட்டில் வெர்ஷனிங்கை ஆன் செய்துவிடுங்கள். யாராவது ஒரு படத்தை அழித்தாலும் பழைய பிரதி இருக்கும்.

இப்போது அந்த ரகசியச் சாவி. புக்ஸ்டாக்கில் ஆப் கீ, அவுட்லைனில் சீக்ரெட் கீ என்று என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுத்திருப்பீர்கள். டேட்டாபேஸின் சில பகுதிகள் அந்தச் சாவியால் பூட்டப்பட்டிருக்கும். புக்ஸ்டாக்கில் சாவி தொலைந்தால் இரண்டடுக்கு லாகின் வைத்தவர்களின் ரகசியங்களைப் படிக்க முடியாது, அவர்கள் எல்லோருக்கும் அதை மறுபடி அமைக்க வேண்டும். டேட்டாபேஸை அச்சுப் பிசகாமல் மீட்டெடுத்தாலும் சாவி பழைய பிளாட்ஃபார்மின் செட்டிங் பக்கத்தில் மட்டும் இருந்து, அந்தப் பக்கத்துக்கே போக முடியாமல் ஆனால் என்ன செய்வது? பாஸ்வேர்டு மேனேஜரில் ஒரு பிரதி வையுங்கள். தயவுசெய்து அதை விக்கியிலேயே ஒரு பக்கமாக எழுதி வைக்காதீர்கள், சிரிக்க வேண்டாம், வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விக்கி.ஜேஎஸ்ஸின் கிட் சின்க்கை பேக்கப் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. பக்கங்கள் கிட் ரெப்போவில் கோப்பாக வந்து சேரும், மார்க்டவுனில் எழுதியவை எம்டி கோப்பாக, விஷுவல் எடிட்டரில் எழுதியவை ஹெச்டிஎம்எல்லாக. கொடிமுந்திரி சொன்ன மாதிரி விக்கி விழுந்தாலும் படிக்க ஒரு பிரதி கிடைக்கும், அதற்கு அருமையானது. ஆனால் பயனர்கள், குழுக்கள், அனுமதிகள், கமென்ட்கள் எதுவும் அதில் இல்லை. இரண்டும் வேண்டும்.

ரீஸ்டோர் செய்து பார்ப்பதற்கு மேனேஜ்டு பிளாட்ஃபார்ம் உண்மையிலேயே வசதி. காலியான டேட்டாபேஸ் ஒன்று, அதே இமேஜில் இன்னொரு சர்வீஸ், டம்பை ஏற்று, பழைய சாவியைக் கொடு, திற. படம் உள்ள பக்கம், அனுமதி பூட்டிய பக்கம், இரண்டடுக்கு லாகின் உள்ள ஒரு பயனர், இந்த மூன்றும் வேலை செய்தால் போதும். பார்த்துவிட்டு அழித்துவிடலாம். அந்தச் சோதனைப் பிரதியிலிருந்து மெயில் மட்டும் போகாமல் அணைத்து வையுங்கள்.

வெள்ளைப்பூண்டு:

லாகின் பற்றி யாரும் சொல்லவில்லையே.

முதலில் அந்த முதல் சில நிமிடங்கள். விக்கி.ஜேஎஸ்ஸை ஏற்றியவுடன் அட்மின் அக்கவுன்ட் உருவாக்கும் பக்கம் திறந்தே இருக்கும், யார் முதலில் வருகிறார்களோ அவர்கள்தான் அட்மின். புக்ஸ்டாக்கில் இயல்பான அட்மின் மெயிலும் பாஸ்வேர்டும் ஆவணத்திலேயே இருக்கிறது, உலகத்துக்கே தெரியும். "என் முகவரி யாருக்கும் தெரியாது" என்று விட்டுவிடாதீர்கள். சொந்த டொமைனை மாட்டியவுடன் பிளாட்ஃபார்ம் அதற்கு சர்டிஃபிகேட் வாங்கும், பொது சர்டிஃபிகேட்கள் எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறும், அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பாட்கள் உண்டு. எனவே டொமைனை மாட்டுவதற்கு முன்பே அட்மினை அமைத்து, சுயப் பதிவை அணைத்து, விருந்தினர் குழுவுக்கு என்னென்ன அனுமதி என்று ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

டீம் ஏற்கெனவே கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வைத்திருந்தால் அதையே லாகினாக வைத்துவிடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அங்கே மூடினால் போதும், இங்கே தனியாக ஞாபகம் வைத்து அழிக்க வேண்டாம். ஆனால் உள்ளூர் அட்மின் ஒன்று கட்டாயம் இருக்கட்டும், லாகின் இணைப்பு உடைந்தால் அதைச் சரிசெய்யவே உள்ளே போக முடியாமல் நிற்பீர்கள். அவுட்லைனை யோசிப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அதில் சாதாரண பாஸ்வேர்டு லாகினே கிடையாது. ரெடிஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸும் தனியாக வேண்டும். பக்கெட்டில் ஏற்றும்போது பிரவுசரே நேராக பக்கெட்டுக்கு அனுப்பும், அதனால் பக்கெட்டில் கார்ஸ் அனுமதி (வேறு முகவரியில் இருக்கும் பக்கத்திலிருந்து வருவதை ஏற்கும் அனுமதி) இல்லாவிட்டால் அப்லோடு தோற்கும், சர்வர் லாகில் ஒரு வரிகூட வராது. பிரவுசரின் கன்சோலைத் திறந்தால்தான் தெரியும்.

பழைய_சர்வர் மேலே லேசாகச் சொல்லிவிட்டுப் போனதை அழுத்திச் சொல்கிறேன்: புக்ஸ்டாக்கின் படங்கள் இயல்பான அமைப்பில் லிங்க் தெரிந்த யாருக்கும் திறக்கும், பக்கம் பூட்டியிருந்தாலும். லிங்கை ஊகிப்பது கஷ்டம்தான், ஆனால் கணக்குப் பிரிவு சம்பளப் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டைப் போடப் போகிறதென்றால் இது தெரிந்திருக்க வேண்டும். லாகின் செய்தவர்களுக்கு மட்டும் படத்தைக் காட்டும் அமைப்பு இருக்கிறது, ஆனால் அது டிஸ்கில் வைக்கும்போது மட்டும், பக்கெட்டில் அல்ல. அதாவது அந்த வசதி வேண்டுமென்றால் நிரந்தர டிஸ்க் உள்ள பிளாட்ஃபார்ம்தான் வழி.

தமிழில் எழுதப் போகிறீர்கள் என்றால் இன்னொன்று: புக்ஸ்டாக் இயல்பாகப் பிடிஎஃப் உருவாக்கப் பயன்படுத்தும் டாம்பிடிஎஃப்புக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கத் தெரியாது, கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். பிடிஎஃப் முக்கியம் என்றால் வேறு கருவியை இணைக்க வழி இருக்கிறது. இல்லையென்றால் பிரவுசரிலேயே பிரின்ட் கொடுத்து பிடிஎஃப்பாகச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

சம்பளப் பட்டியல் என்றவுடன் கணக்குப் பிரிவு தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சிஏ சர்டிஃபிகேட்டை ஒரே வரியாக்கிப் போட்டதும் விக்கி.ஜேஎஸ் எழுந்துவிட்டது, குறுக்குவழிக்கு நன்றி. ஆனால் டீமில் ஓட்டெடுத்தபோது ஷெல்ஃப், புத்தகம், அத்தியாயம், பக்கம் என்ற அந்த அமைப்பு புரோகிராமர் அல்லாதவர்களுக்குப் பிடித்துவிட்டதால் புக்ஸ்டாக்தான் ஜெயித்தது. நிரந்தர டிஸ்க், ஒரே இன்ஸ்டன்ஸ், படங்களுக்கு லாகின் கட்டாயம், செஷன் டேட்டாபேஸில், டிஸ்கின் பிரதி தினம் வெளியே ஒரு பக்கெட்டுக்கு. இப்படிப் போகிறோம்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. இப்போது பிளாட்ஃபார்ம் கொடுத்த முகவரியில் ஓடுகிறது, சொந்த டொமைன் வர இன்னும் நாளாகும், ஆட்கள் அதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு முகவரி மாறினால் ஏதாவது உடையுமா?

பழைய_சர்வர்:

உடையும், ஆனால் சரிசெய்யலாம். புக்ஸ்டாக் படங்களின் முழு முகவரியையும் பக்கத்தின் உள்ளடக்கத்திலேயே எழுதிவிடும், அதனால் என்விரான்மென்ட்டில் ஆப் யுஆர்எல்லை மட்டும் மாற்றினால் பழைய பக்கங்களின் படங்கள் பழைய முகவரியையே தேடிக்கொண்டிருக்கும். இதற்கென்றே ஆர்ட்டிசனில் (லாராவெல்லின் கட்டளைக் கருவி) முகவரியை மாற்றும் கட்டளை ஒன்று இருக்கிறது, பழையது, புதியது இரண்டையும் கொடுத்தால் டேட்டாபேஸ் முழுக்க மாற்றிவிடும். பிளாட்ஃபார்மின் ஷெல்லைத் திறந்து ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குள்ளேயே ஓட்டலாம். ஹெச்டிடிபிஎஸ் என்பதையும் சேர்த்து முழுதாகக் கொடுங்கள், கடைசியில் சாய்கோடு போடாதீர்கள். ஓட்டுவதற்கு முன் டம்ப் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அதைத் திருப்பும் பட்டன் கிடையாது. முடிந்ததும் கேஷைக் காலி செய்யும் கட்டளையையும் ஒருமுறை ஓட்டுங்கள். கூகுள் லாகின் வைத்திருந்தால் அங்கே பதிவு செய்த திரும்பும் முகவரியையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அன்று காலை யாரும் உள்ளே வர முடியாது.